அண்ணன் அடிக்காத அடி

எங்கள் கண் மருத்துவமனையில் அவளுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். வரவேற்பு மேசையில் மைக்கைப் பிடித்து நோயாளிகளின் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது அவள் வேலை. ஒரு தடவை தமிழில், ஒரு தடவை ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கூப்பிடும்போது மட்டும் குரல் கொஞ்சம் மூக்கு வழியாக வரும். “டோக்கன் பிளேன்ல ஏறிட்டா” என்று பக்கத்து பில் கவுண்டரில் இருக்கும் நான் சொல்வேன். அவளும் சிரிப்பாள். நாங்கள் இருவரும் ஒரே கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள். அதனால் இந்தக் கதையை அவள் வாயாலேயே துண்டு துண்டாகக் கேட்டேன். கடைசிப் பகுதியை நானே பார்த்தேன்.

அந்த ஆங்கிலம் அண்ணன் போட்ட பிச்சை என்று அவளே சொல்வாள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு அதே தெருவில் சொந்தமாக ஒன்று போட்டார். தங்கையை மட்டும் விடவில்லை. சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். முடியும் வரை எதிரே இருந்த டயர் கடை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வருவார். “இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? சொல்லு கேப்போம்” என்பார். அவள் சொல்வாள். ஒரு எழுத்தும் புரியாது அவருக்கு. “அடி சக்கை!” என்பார்.

அவர் குடித்தது உண்மை. கைக்குழந்தையை விட்டுவிட்டு அண்ணி காய்ச்சலில் செத்துப்போன பிறகு குடிக்க ஆரம்பித்தார். ஆனால் குடித்த நாளில் வீட்டுக்கு வர மாட்டார். பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சாக்கு மேல் படுத்துக்கொள்வார். “இந்த வாயோட குழந்தையத் தூக்கக் கூடாது” என்று தங்கைக்குச் சொல்லி அனுப்புவார். காலையில் பட்டறைக் குழாயிலேயே குளித்துவிட்டு, கூச்சத்தோடு செருப்பை ஓரமாக விட்டு உள்ளே வருவார். பெண் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் விட்டுவிட்டார். ஏன், எப்படி என்று அவர் சொல்லவில்லை. தங்கை ஜெபித்தாள்தான். ஆனால் விட்டது அவர்.

போன வருஷம் எங்கள் சபையிலிருந்து ஒரு குழு வெளிநாட்டுக்கு மிஷன் பயணம் கிளம்பியது. அங்கே இளைஞர் முகாம்களில் காலையில் ஆங்கிலம் சொல்லித் தருவது, சாயங்காலம் பாட்டும் வேதமும். பாஸ்டரின் மருமகன்தான் டீம் லீடர். சுறுசுறுப்பான ஆள், நல்ல மனசுக்காரர்தான். கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போகவே, “நம்ம மைக் சிஸ்டர் இருக்காங்களே, இங்கிலீஷ் தண்ணி மாதிரி பேசுவாங்க” என்று யாரோ சொல்ல, இவளுக்கு அழைப்பு வந்தது.

அதுவரை பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்காதவள். அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவனிடமெல்லாம், “என் தங்கச்சி ஃபாரின் போறா, இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க” என்றார். “மோட்டார் என்னாச்சுண்ணே?” என்று கேட்டால், “அது கிடக்கட்டும்” என்றார். குளிருமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். அதில் இரண்டு டோக்கன்கள் நுழையலாம்.

முகாம் நடந்தது, விடுமுறைக்காக மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்காரர்கள். காலையில் வந்து சாயங்காலப் பாட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மொழிபெயர்க்க அந்தப் பள்ளியின் நூலகர் இருந்தார். ஒல்லியான பெண்மணி. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பார். ஒரு சொல் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார், சிரிக்கவும் மாட்டார்.

பேசத் தெரிந்தால் சொல்லித் தரவும் தெரியும் என்று நினைத்துப் போனவளுக்கு முதல் நாளே சாயம் வெளுத்துவிட்டது. பக்கத்து வகுப்பில் கிட்டார், விளையாட்டு, கைதட்டல். இவள் வகுப்பில் பின் பெஞ்சு முழுவதும் தூங்கியது. கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பொருக்குப் பொருக்காகச் சாக்கட்டி உதிர்கிறது. பிள்ளைகள் பக்கம் திரும்பினால் கொட்டாவி. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போன டீம் லீடர் பிறகு சொன்னார்: “சிஸ்டர், டோக்கன் கூப்பிடற மாதிரி இருக்கு. உங்க சொந்த வாழ்க்கையிலேர்ந்து உதாரணம் எடுத்துக் குடுங்க. பசங்க ஒட்டிக்குவாங்க.”

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் பாடம் இறந்த காலம். டிரிங்க், டிரேங்க். “மை பிரதர் டிரேங்க்” என்று எழுதினாள். நூலகர் மொழிபெயர்த்தார். பின் பெஞ்சில் இரண்டு தலை நிமிர்ந்தது. ஷவுட், ஷவுட்டட். “மை பிரதர் ஷவுட்டட்.” இன்னும் நாலு தலை. அண்ணன் வாழ்நாளில் குரலை உயர்த்தியது மோட்டார் இரைச்சலுக்கு மேல் பேசும்போது மட்டும்தான். அடுத்து, இறந்த காலத்திலும் மாறாத வினைச்சொல் ஒன்று வேண்டியிருந்தது. புட் இருந்தது, கட் இருந்தது. அவள் கை எழுதியது ஹிட். “மை பிரதர் ஹிட்.”

“ஹூ?” என்று ஒரு பையன் கேட்டான். யாரை?

சாக்கட்டியோடு நின்றவள் சொன்னாள்: “மீ.”

வகுப்பு அப்படியே அடங்கிப் போனது. அத்தனை கண்ணும் அவள் மேல். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை என்றாள் என்னிடம். இலக்கணத்துக்குச் சொன்ன உதாரணம், அவ்வளவுதான் என்று இருந்ததாம். அன்றைக்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாக்கியங்களை உரக்கச் சொன்னார்கள். மை பிரதர் டிரேங்க். மை பிரதர் ஹிட். ஒருவரும் தூங்கவில்லை. ஜன்னலோரம் டீம் லீடர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் டீம் லீடர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அதுவரை ஓரமாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன சிஸ்டர், இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே! அண்ணன் கையால அடி வாங்கி… இப்ப அவர் எப்படி இருக்கார்?”

“இப்ப குடிக்கிறதில்ல, பிரதர்.”

“ஸ்தோத்திரம்! எவ்வளவு பெரிய சாட்சி இது! இன்னைக்கு சாயங்காலம் நீங்கதான் பேசறீங்க.”

கடவுள் தன் வாழ்க்கையை மாற்றியதை எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு எங்கள் சபையில் ‘சாட்சி’ என்று பெயர். அவர் கண் கலங்கியிருந்தது. சுற்றி இருந்தவர்களும் இவளையே பார்த்தார்கள். ‘இல்ல பிரதர், அது சும்மா உதாரணத்துக்கு’ என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. வாயில் சோறு இருந்தது. விழுங்கினாள். சொல்ல வேண்டியதையும் சேர்த்து.

சாயங்காலம் மண்டபத்தில் அவள் பேசியபோது கதை தானாக வளர்ந்தது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது வந்தது. அண்ணன் கதவை உடைத்தது வந்தது. கடைசியில், “நான் ஜெபித்தேன். ஒரு நாள் பயப்படாமல் அவன் முன்னால் போய் நின்று, ‘நிறுத்து, கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்றேன். அவன் முழங்கால் போட்டு அழுதான்” என்று முடித்தாள். பேசப் பேச அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அது மட்டும் நடிப்பில்லை என்றாள். அண்ணனை நினைத்து வந்த அழுகைதானாம். டீம் லீடர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார்.

மறுநாள் காலை கை கழுவும் தொட்டி அருகே ஒரு பெண் வந்து நின்றாள். பதினாலு வயதிருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் எங்கள் சபைக் குழு அவளைக் ‘கட்டைமுடி’ என்று சொல்லும். வகுப்பில் வாயே திறக்காதவள், கற்றுக்கொண்ட சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“டீச்சர். யுவர் பிரதர், பாஸ்ட்.” தன் நெஞ்சைத் தொட்டாள். “மை ஃபாதர், பிரசன்ட்.”

உன் அண்ணன் அடித்தது முடிந்துபோனது, என் அப்பா அடிப்பது இன்னும் நடக்கிறது என்கிறாள். டோக்கனுக்குப் புரிந்துவிட்டது.

“ஹவ் ஸ்டாப்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

அங்கே வேறு யாரும் இல்லை. டீம் லீடர் இல்லை, கைதட்ட ஆளில்லை. ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் நூலகரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வை அப்படி இருந்ததாம். அவளை வாழ்க்கையில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. முந்தின நாள் மேடையில் சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஜெபம் செய். பிறகு பயப்படாமல் நேராகப் போய்ச் சொல். ஸ்டாப். காட் சீஸ் யூ. அந்தப் பெண் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உச்சரிப்பைக்கூட இவள் திருத்தினாள்.

மறுநாள் கட்டைமுடி வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள். கீழுதடு ஒரு பக்கம் வீங்கி வெடித்திருந்தது. இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நேராக இவளிடம் வந்து, சொன்ன வீட்டுப் பாடத்தைச் செய்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி, “டீச்சர், ஐ டோல்ட்” என்றாள்.

அவள் முகத்தில் கோபமே இல்லையாம். “கோபப்பட்டிருந்தா தாங்கியிருப்பேன்டி” என்றாள் என்னிடம், பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. டெல், டோல்ட் என்பதும் இவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

நூலகரைத் தேடி ஓடினாள். புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். உதாரணம், மேடை, தொட்டி, எல்லாம். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“உன் அண்ணன் உன்னை அடிச்சதே இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்ப எதுக்குச் சொன்ன?”

இவள் அலமாரியில் சாய்ந்திருந்த ஒரு புத்தகத்தை நேராக்கி வைத்தாள்.

“அந்தப் பொண்ணு வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். அத்தைக்காரி வீட்டுல கொண்டுபோய் விடறதுக்கு ஒரு மாசமா மெதுவா பேசிக்கிட்டு இருக்கேன். அவ அப்பன் காதுல விழாம. நீங்க ரெண்டு பாட்டு பாடிட்டு பிளேன் ஏறிடுவீங்க. அவ எதுல ஏறுவா?”

அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். இவள் பேசுவதைவிட எளிய ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் பொட்டில் அடித்தது போல் விழுந்தது. அன்றைக்கே நூலகர் அந்த அத்தையை வரவழைத்தார். பள்ளியின் பின்வாசல் வழியாகவே கட்டைமுடி அத்தையோடு போனாள். போவதற்கு முன் இவள் நூலகரைக் கெஞ்சினாள்: “நான் பொய் சொன்னேன்னு அவகிட்ட சொல்லுங்கம்மா. என் அண்ணன் என்னை அடிச்சதில்லன்னு சொல்லுங்க.”

நூலகர் சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். கட்டைமுடி கேட்டுவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?”

“‘ஒரு தடவைகூட அடிச்சதில்லையா?’ன்னு கேக்கறா.”

“இல்லன்னு சொல்லுங்க.”

சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. வீங்கிய உதட்டோடு சிரித்தாள்.

“‘நல்ல அண்ணன்’கிறா” என்றார் நூலகர்.

ஊர் திரும்பியதும் அவள் முதல் வேலையாக டீம் லீடரைப் பார்த்து, தன் சாட்சியை வீடியோவிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். “அதுதான் சிஸ்டர் ஹைலைட்டே” என்றார் அவர். “அது உண்மையில்ல பிரதர்” என்றாள். எத்தனை சின்னக் குரலில் சொன்னாளோ! அவர் சிரித்துக்கொண்டே, “சாட்சின்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். தாழ்மை வேண்டியதுதான், அதுக்காக இவ்வளவா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவளும் அதோடு விட்டுவிட்டாள். அண்ணன் எங்கே சபைக்கு வரப்போகிறார் என்கிற தைரியம்.

அண்ணன் வந்தார். மிஷன் அறிக்கை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, கல்லூரியில் படிக்கும் மகளோடு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் வார்னிஷ் கறை மட்டும் போகவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். விளக்கை அணைத்துத் திரையில் படம் ஓட்டினார்கள். தங்கை மேடையில் ஆங்கிலத்தில் பேசுவது தெரிந்ததும், “பாரு, உங்க அத்தைய பாரு” என்று மகளின் தோளை இடித்தார். “எப்படிப் பேசறா பாரேன்!”

மகளுக்கு ஆங்கிலம் புரியும். அவள் கழுத்து விறைத்துக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

“என்னம்மா சொல்றா?”

“உங்களப் பத்திதான்ப்பா சொல்றாங்க.”

“என்னப் பத்தியா!” அந்த மனுஷர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். படம் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவர் அவர்தான்.

அவள் பக்கவாட்டில், பாடகர் குழுவோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். சபை மூப்பர் ஒருவர் வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “பிரதர், எப்படி இருந்த உங்களைக் கர்த்தர் எப்படி மாத்திட்டார்!”

எதைச் சொல்கிறார் என்று புரியாமலே, மரியாதைக்கு, “எல்லாம் தங்கச்சியோட ஜெபம்தாங்க” என்றார் அண்ணன்.

அவள் டீ டம்ளரோடு நாலடி தள்ளி நின்று இதைக் கேட்டாள். பூமி பிளந்து வாங்கிக்கொள்ளாதா என்று இருந்ததாம். அண்ணன் மகள் அவள் பக்கத்தில் வந்தாள். “அத்தை, என் வாயால அந்த வார்த்தைய அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க” என்றாள். அத்தனை நாள் ‘அத்தை, அத்தை’ என்று மேலே விழுந்து பேசும் பெண், அன்றைக்குக் கையை மார்போடு கட்டிக்கொண்டு பேசினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவள் பட்டறைக்குப் போனாள். அண்ணன் ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். “வா, வா. டீ சொல்லட்டா?” என்றார்.

“வேணாம்ண்ணே. ஒண்ணு சொல்லணும்.” நின்றபடியே சொன்னாள். கட்டைமுடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கை நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே சுற்றினார். அவள் சொல்லி முடித்த பிறகும் சுற்றினார். பிறகு எத்தனை சுற்று என்பது தப்பிப்போய், சுற்றியதையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தார்.

“அடிச்சேன்னா சொன்ன?”

“ஆமாண்ணே.”

“உன்னையா?”

“ஆமா.”

“குடிச்சதச் சொல்லியிருக்கலாம். அது நான் பண்ணினது. ஊருக்கெல்லாம் சொல்லு, எனக்கு ஒண்ணுமில்ல.” கம்பியைப் பிரித்து முடித்தார். “பட்டறையில வந்து படுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச? கை நீட்டிடக் கூடாதேன்னுதான். அந்தப் பயத்துலதான் வீட்டுக்கே வரல.”

அவள் அழுதாள். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. “அந்தப் பொண்ணு கை ஒடஞ்சுதா?” என்று கேட்டார்.

“தெரியலண்ணே. நாங்க கிளம்பறதுக்கு முன்னால, கட்டுப் போட்டிருக்குன்னு அந்த லைப்ரரி அம்மா சொன்னாங்க.”

“விசாரி” என்றார். கம்பியை மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி மைக் முன்னால் போய் நின்றாள். நாள் முழுக்க மைக்கில் பேசுகிறவள். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. “என் அண்ணன் என்னை அடிச்சதே இல்ல. நான் சொன்னது பொய். அந்தப் பொய்ய நம்பி ஒரு பொண்ணு அடி வாங்கினா” என்றாள். ஸ்தோத்திரம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கீபோர்டு வாசிப்பவர் தவித்துப் போய் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். டீம் லீடர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவரே அவளிடம் வந்து, “நீங்க சொன்னப்ப நான் காது குடுத்துக் கேக்கல சிஸ்டர்” என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசியது அவள் காதிலேயே விழுந்தது.

“பாவம், அண்ணன்காரன் மிரட்டியிருப்பான். இல்லன்னா யாராவது இப்படி வந்து மாத்திச் சொல்லுவாங்களா?”

“ஆமா, அன்னைக்கு வந்திருந்தானே, பாக்கவே முரடனாட்டம் இருந்தான்.”

அவள் ஓடிப்போய், “இல்லக்கா, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல” என்றாள். அவர்கள் அவள் கையைத் தடவிக்கொடுத்தார்கள். “தெரியும்மா, தெரியும். நீ பயப்படாத” என்றார்கள். அவள் மறுக்க மறுக்க அவர்கள் இரக்கம் கூடிக்கொண்டே போனது. இன்றைக்கும் எங்கள் சபையில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நூலகருக்கு அவள் போன் செய்துகொண்டே இருந்தாள். முதலில் அவர் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்தார். கை எலும்பில் விரிசல்தான், கூடிவிட்டது. அத்தை வீட்டில் இருக்கிறாள். அப்பன் ஒருமுறை வந்து கலாட்டா பண்ணினான், அத்தை விரட்டிவிட்டாள். இவ்வளவுதான் சொன்னார். “இனிமே அடிக்கடி கூப்பிட வேண்டாம், ஏதாவதுன்னா நானே சொல்றேன்” என்று வைத்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்று கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் மகள் சில மாதங்களில் சமாதானமாகிவிட்டாள். அண்ணன் கோபித்துக்கொள்ளவே இல்லை. முன்போலவே வாரத்தில் ஒரு நாள் தங்கை வீட்டுக்கு வருகிறார், மின்விசிறி சத்தம் போட்டால் ஏறிப் பார்க்கிறார், இரண்டு டம்ளர் டீ குடிக்கிறார். சபைக்கு மட்டும் வருவதில்லை.

ஒன்றுதான் மாறியிருக்கிறது என்றாள் ஒரு நாள், பஸ்ஸிலிருந்து இறங்கப் போகும்போது. முன்பெல்லாம் வாசலில் நுழைந்ததும் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் அண்ணன் உட்காருவாராம். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். இப்போது கை அந்த உயரத்துக்கே வருவதில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

“நீயே கேளேன், ‘எங்கண்ணே குட்டு?’ன்னு” என்றேன்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.